குத்து வாங்கும் வயிறு

நெல்லு பால் பிடிச்சு நிக்கிற நேரம் இது. களையெடுப்பு முடிஞ்சது, அறுப்புக்கு இன்னும் நாள் கிடக்கு. தண்ணி கட்டுறது தவிர பெரிய வேலை இல்லை. இந்த மார்கழி இடைவெளியில்தான் எங்க ஊர் இளவட்டங்கள் பரண்ல கிடக்கிற கம்பை எடுத்து எண்ணெய் தடவ ஆரம்பிப்பாங்க. மாட்டுப்பொங்கல் அன்னைக்குச் சாயந்திரம் மந்தையில சிலம்பம் ஆடணும், குத்துவரிசை காட்டணும். என் சின்ன வயசிலேருந்து நடக்கிற வழக்கம்.

இந்த வருசம் அதுல புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. வயித்துல குத்து வாங்குற போட்டி. ஒருத்தன் சட்டையைக் கழட்டிட்டு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பான். இன்னொருத்தன் ஓங்கி ஓங்கிக் குத்துவான். எத்தனை குத்து தாங்குறான்னு சுத்தி நிக்கிறவங்க எண்ணுவாங்க. எல்லாம் செல்போன் பார்த்து வந்த வினை. எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் தன் வயித்துல உருட்டுக்கட்டையால அடிக்கச் சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அதை இங்க களத்துமேட்டுல செஞ்சு பார்க்கிறானுக. 2021ல 'சார்பட்டா பரம்பரை' படம் வந்ததிலேருந்தே எங்க பக்கம் குத்துச்சண்டை ஆசை கொஞ்சம் கூடித்தான் போச்சு. ஆசையில தப்பில்லை. வயசுப் பசங்களுக்கு உடம்பு மேல ஆசை வர்றது டாஸ்மாக் மேல ஆசை வர்றதைவிட எவ்வளவோ தேவலை.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் என் அக்கா மகன். 17 வயசு. "மாமா, அடி வாங்க வாங்கத்தானே வயிறு இறுகும்? நீங்களும் வாத்தியார்கிட்ட அப்படித்தானே பழகுனீங்க?"ன்னு கேட்டான். மம்பட்டி பிடிச்சுப் பிடிச்சுக் கை காய்ச்சுப் போற மாதிரி வயிறும் காய்ச்சுப் போகும்னு அவன் கணக்கு.

அந்தக் கணக்கு சரியில்லை. கையில காய்க்கிறது தோல். வயித்துல அடி வாங்குறது தோலா?

வயித்துக்கு முன்னால எலும்பு வேலி கிடையாது. சதைதான் வேலி. நடுவுல நீளவாக்குல இறங்குற சதை, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுமேல ஒண்ணா மூணு அடுக்கு. மூணும் மூணு திசையில ஓடுது, சாக்குப் பின்னல் மாதிரி. இந்த வேலி இறுகி நிக்கிறப்போ அடி விழுந்தா வேகம் அகலமாப் பரவிப் போயிடும். தளர்ந்து கிடக்கிறப்போ விழுந்தா நேரா உள்ள இறங்கும். சதை பலமா இருக்கணும், அது முதல் விஷயம். குத்து படுற அந்தக் கணத்துல இறுகணும், அது ரெண்டாவது. சும்மா நிக்க வச்சுக் குத்திக்கிட்டே இருந்தா இந்த ரெண்டுல எதுவும் ஒழுங்கா வராது.

இறுகுறதுக்குச் சாவி மூச்சு. இதை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. யூரியா மூட்டை (முன்னே 50 கிலோ, இப்போ 45) தோள்ல ஏத்துறப்போ 'ம்க்'குன்னு ஒரு சத்தம் வருதே, அதுதான். விறகு பிளக்கிறவன் கோடாலி இறங்குறப்போ 'ஹக்'கும்பான். துவைகல்லுல துணியை ஓங்கி அடிக்கிறவங்க 'உஸ்'ஸும்பாங்க. யாரும் கத்துக்கொடுத்து வந்ததில்லை. மூச்சு கொஞ்சமா, வெடுக்குன்னு வெளிய போறப்போ வயிறு தன்னால கட்டிக்குது. குத்துச்சண்டை பழகுறவங்க அடி விடுறப்பவும் வாங்குறப்பவும் 'இஸ்ஸு இஸ்ஸு'ன்னு சத்தம் விடுறதும் இதுக்குத்தான். மொத்த மூச்சையும் விட்டுடக் கூடாது, அடுத்த குத்துக்கு மிச்சம் வேணும்.

மூச்சை உள்ள இழுக்கிற நேரம் பார்த்து நெஞ்சுக்குழியில அடி விழுந்தா என்னாகும்னு கபடி ஆடினவங்களுக்குத் தெரியும். உதரவிதானம் பிடிச்சுக்கும். வாயைத் திறந்தா காத்து உள்ள வராது, கண்ணு பிதுங்கும், செத்தோம்னே தோணும். கொஞ்ச நேரத்துல தானாச் சரியாயிடும். ஆனா சண்டைன்னா அந்தக் கொஞ்ச நேரத்துல கதை முடிஞ்சிருக்கும்.

எங்க வாத்தியார் (இப்போ இல்லை, போய்ச் சேர்ந்துட்டார்) முதல் வருசம் யாரையும் வயித்துல தொட்டதே இல்லை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. கர்லாக்கட்டையைத் தலையைச் சுத்தி வீசுறப்போ இடுப்புப் பக்கச் சதை முழுக்க வேலை செய்யும். ஜிம்முல பத்து மெஷின் செய்யுறதை அந்த ஒத்தைக் கட்டை செய்யும்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன், யார் சிரிச்சாலும் சரி.

ரெண்டாவது வருசம் மல்லாக்கப் படுக்கவச்சு, வயித்துமேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசுவார். எங்க வயல்ல யார் மாடு மேஞ்சதுன்னு கேட்பார். பதில் சொல்லிக்கிட்டு இருக்கிறப்பவே திடீர்னு அழுத்துவார். பேச்சுக்கு நடுவுல வயிறு இறுகுதான்னு பார்ப்பார். அது வந்த பிறகு நிக்கவச்சு விரிச்ச கையால தட்டு. முதல்ல நடுவுல, அப்புறம் பக்கவாட்டுல. அதுவும் வந்த பிறகு புளியமரத்துக் கிளையில உமி அடைச்ச சாக்கைத் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, அது வந்து வயித்துல மோதுறப்போ 'ஹக்'. வெளிநாட்டுல குத்துச்சண்டைக்காரங்க கனமான தோல் பந்தை வயித்துல வாங்கிப் பழகுறாங்களே, அதே யோசனைதான். கையை மடக்கிக் குத்துறது கடைசி. பாதி பலத்துக்கு மேல போனதில்லை. ஒருத்தனுக்குப் பத்துப் பதினைஞ்சு குத்து, அத்தோட சரி. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கணும். ஒண்ணுக்குப் போயிட்டு வரணும். அது அப்போ எங்களுக்குச் சிரிப்பா இருக்கும். மூத்திரப்பை நிறைஞ்சிருக்கிறப்போ அடிவயித்துல பலமா அடிபட்டா அது கிழிஞ்சுபோக வாய்ப்புண்டுன்னு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற சொந்தக்காரர் சொல்லித்தான் அர்த்தம் புரிஞ்சது.

அப்போ அடி வாங்கிப் பழகுறதுல பிரயோஜனமே இல்லையான்னா, இருக்கு. அது வயித்துக்கு இல்லை, கண்ணுக்கு. குத்து வர்றதைப் பார்த்து மிரளாம, கண்ணை மூடாம, மூச்சை அடக்கிக்காம நிக்கிற பழக்கம் அடி வாங்கித்தான் வரும். அதுக்கு மெதுவான அடியே போதும்.

பசங்களுக்கு நான் புரியவைக்கத் திணறினது அடுத்த விஷயத்தைத்தான். வயித்துச்சதை எவ்வளவு இறுகினாலும் ஈரல் இறுகாது. வலது பக்கம் விலாவுக்கு அடியில கல்லீரல், இடது பக்கம் மண்ணீரல், பின்பக்கம் ரெண்டு கிட்னி. இதுகளுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. 2004ல லாஸ் வேகஸ்ல நடந்த ஒரு சண்டையை அவனுக செல்போன்லயே காட்டினேன். ஆஸ்கர் டி லா ஹோயா, ஆறு எடைப் பிரிவுகள்ல பட்டம் ஜெயிச்ச மனுஷன். ஒன்பதாவது சுத்துல பெர்னார்ட் ஹாப்கின்ஸ் இடது கையால ஈரல்ல ஒண்ணு விட்டார். ஒண்ணே ஒண்ணு. டி லா ஹோயா தரையில சுருண்டு கையால தரையைக் குத்துறார், புத்தி தெளிவா இருக்கு, எழுந்திரிக்கணும்னு ஆசை இருக்கு, உடம்பு வரலை. பத்து எண்ணி முடிச்சுட்டாங்க. அவர் வயித்தைவிடவா நம்ம வயிறு? ஈரலுக்கு இருக்கிற ஒரே காவல் நம்ம முழங்கை. அதைத்தான் இவனுக போட்டியில பின்னால கட்டிக்கிறானுக!

ஹூடினி கதையையும் சொன்னேன். அமெரிக்க மாயவித்தைக்காரர், பூட்டை உடைச்சு வெளிய வர்றதுல உலகப் புகழ். வயித்துல எவ்வளவு குத்தினாலும் தாங்குவார்னு பேர். 1926 அக்டோபர்ல மாண்ட்ரியல்ல, கணுக்கால் முறிஞ்சு சோபாவுல சாஞ்சு கிடந்தப்போ ஒரு காலேஜ் பையன் நிஜமாத்தானான்னு கேட்டுட்டுக் குத்திட்டான். அவர் வயித்தை இறுக்கிக்க நேரமே கிடைக்கலை. அந்த மாசம் 31ஆம் தேதி குடல்வால் வெடிச்சு, வயிறு முழுக்கச் சீழ் பரவி இறந்துபோனார். குடல்வால் ஏற்கெனவே வீங்கியிருந்துச்சா, குத்து அதுக்குக் காரணமாங்கிறதுல டாக்டர்களுக்குள்ள ஒத்த கருத்து கிடையாது. குத்துனால வந்த வலின்னு நினைச்சு நாள் கடத்தியிருக்கலாம்னும் சொல்லுறாங்க. எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் அதிகமாப் பயம் கொடுக்குது. நம்ம ஊர்லயும் வயித்துவலின்னா ஓமத்தண்ணியைக் கொடுத்துப் படுக்கவைக்கிற ஆளுகதானே நாம.

நம்ம பெரியவங்களுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? வர்மம் சொல்லித்தர்ற ஆசான்கள் உடம்புல 108 இடம்னு கணக்குச் சொல்லுவாங்க, 12 படுவர்மம், 96 தொடுவர்மம். பலப்படுத்திடலாம்னா எதுக்கு இப்படி எண்ணி எண்ணி எச்சரிக்கணும்?

இவ்வளவும் சொல்லி அக்கா மகன் கேட்டுக்கிட்டான். முகம் தொங்கிப்போச்சு, ஆனா கேட்டுக்கிட்டான். கேட்காதவன் அவன் கூட்டாளி ஒருத்தன். போட்டியில 20 குத்து வாங்கினவன், அதுவரைக்கும் அவன்தான் முதல். விசாரிச்சா, புரட்டாசியில அவனுக்கு மஞ்சள்காமாலை வந்திருக்கு. "கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், கண்ணு வெளுத்துருச்சு, சரியாப் போச்சுண்ணே"ங்கிறான். எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. காமாலையில ஈரல் வீங்கும். மலேரியா வந்தா மண்ணீரல் வீங்கும். கண்ணு வெளுத்ததை வச்சு உள்ள இருக்கிற வீக்கம் வடிஞ்சதான்னு சொல்ல முடியாது. வீங்கினது சாதாரண அடிக்கே கிழியும். அவன் அப்பாகிட்டப் போய் நேராச் சொல்லிட்டேன். பையன் நாலு நாள் என்கூடப் பேசலை. எதிர்ல வந்தா வரப்பு மாறிப் போனான். போகட்டும்னு விட்டுட்டேன்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சின்னப் பிள்ளைங்க விலா எலும்பு வளையும். வளையுறதால உடையாது, உடையலைங்கிறதால அடி லேசுன்னு ஆகாது, வேகம் அப்படியே உள்ள இறங்கும். வயித்துல அடிபட்ட பிறகு முகம் வெளுத்து வேர்த்தா, தலை கிறுகிறுத்தா, வயிறு பலகை மாதிரி இறுகிப்போனா, மூத்திரத்துல ரத்தம் வந்தா, அடிபடாத இடது தோள்பட்டை உச்சி வலிச்சா, தண்ணிகூடக் கொடுக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, 108க்கு அடிங்க. தோள்பட்டை வலியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. மண்ணீரல் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசிஞ்சா வலி அங்கதான் காட்டும். சில சமயம் அடிபட்டு நாலஞ்சு நாள், ஏன் ஒரு வாரம் கழிச்சுக்கூடக் கிழியும்.

போட்டியை நிறுத்தியாச்சு. அதுக்குப் பதிலா கர்லாக்கட்டை யார் அதிக நேரம் சுத்துறாங்கன்னு வச்சிருக்காங்க. இதுக்குக் கூட்டம் சேருமான்னு அக்கா மகனுக்குக் கவலை. எனக்கும் சந்தேகம்தான், குத்துக்கு வர்ற கைதட்டல் கட்டைக்கு வராது. காலையில அஞ்சு மணிக்கு மோட்டார் போட வர்றப்போ புளியமரத்தடியில உமிச்சாக்கு ஆடுற சத்தமும் 'ஹக்' சத்தமும் கேட்குது. காமாலை வந்த பையனும் வர்றான். டாக்டர் தை கடைசியில ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்காராம். அதுவரைக்கும் உமிச்சாக்குப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லி, ஓரமா உட்காரவச்சு மூச்சு மட்டும் பழகச் சொல்லியிருக்கேன்.