இன்வர்ட்டருக்கும் எர்த் வேண்டும்

"பேட்டரியிலே ஓடறதுதானே, அது என்ன பண்ணிடப் போவுது?" என்று இன்வர்ட்டரைப் பற்றிப் பல வீடுகளில் அலட்சியமாகப் பேசுவதைக் கேட்கிறேன். ஒரு பேட்டரி 12 வோல்ட்தான், வாஸ்தவம். ஆனால் இன்வர்ட்டர் அதை 230 வோல்ட்டாக மாற்றித்தானே மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அனுப்புகிறது! மின்வாரியக் கரண்டில் உள்ள ஆபத்து இதிலும் உண்டு.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையைவிட்டு உள்ளே தள்ளி, கொல்லைக்கு நடுவே எங்கள் வீடு. மின்வாரிய இணைப்பு கிடையாது. கூரையில் சோலார் தகடுகள், உள்ளே இன்வர்ட்டர், பேட்டரி. பொருத்தினவர் போன மறுவாரமே, ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறந்த மருமகள், "அத்தை, சுரீர்னு இழுக்குது!" என்று பதறினாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. "செருப்பு போட்டுக்கிட்டுத் திற" என்று சொல்லிவிடலாம். தவழ்கிற குழந்தைக்கு ஏது செருப்பு?

அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தோம். மூன்று முள் பிளக்கில் தடித்த முள்ளைக் காட்டி, "இதுதாம்மா எர்த். மத்த ரெண்டையும்விட நீளம். முதல்ல சேரணும், கடைசியில விலகணும்னு அப்படி வெச்சிருக்கு" என்றார். அந்த முள்ளிலிருந்து போன பச்சை வயர் இன்வர்ட்டர் வரை வந்து அங்கேயே நின்றிருந்தது. மண்ணுக்குப் போகவே இல்லை!

மலையடிவாரமாயிற்றே, தோண்டினால் நான்கடியில் பாறை. இடம் மாற்றி, கிணற்றடி ஈரத்தில் குழி எடுத்தோம். 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டார். சோலார் தகடுகளின் சட்டம், இன்வர்ட்டரின் உடல், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றின் எர்த்தையும் அங்கேயே சேர்த்தார்.

"எர்த் மட்டும் போதாதும்மா" என்று ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டித்துவிடுமாம். சாதாரண எம்.சி.பி., லோடு அதிகமானாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோதான் விழும். உடம்பு வழியே ஓடும் சிறு கரண்டு அதற்குத் தெரியாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மின்வாரியத்தில் நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மரிலேயே மண்ணோடு சேர்த்திருப்பார்கள். எங்களைப்போல் தனித்து இயங்கும் வீட்டில் அதை நாம்தான், அதுவும் ஒரே ஓர் இடத்தில், எர்த்தோடு சேர்க்க வேண்டும். அப்போதுதான் கசிவு ஏற்பட்டதும் ஆர்.சி.சி.பி. நம்பிக்கையாக விழும். ஆனால் சிலவகை இன்வர்ட்டர்களில் இப்படிச் சேர்த்தால் இன்வர்ட்டரே கெட்டுவிடும். கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்து, விவரம் தெரிந்தவரே செய்ய வேண்டிய வேலை இது. மின்வாரிய இணைப்பும் இருக்கிற வீடுகளில் நாமாக இதில் கை வைக்கவே கூடாது.

நம் கையில் இருப்பவை சில. மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள். எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளோடு செருக விடாதீர்கள். எறும்பு கடித்தாற்போல் ஷாக் அடித்தாலும் அந்தச் சாமானை உபயோகிக்காமல் நிறுத்திவையுங்கள். வருஷம் ஒருமுறை எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் மண் பாளமாய் வெடிக்கும். எர்த் குழியும் காய்ந்துவிடும். துளசிக்கு ஊற்றும்போதே அதற்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், போதும்.