காய்ச்சல் என்றோம்!

நெடுந்தீவிலே ஒரு வீட்டு அடுப்பில் என்ன கறி வேகின்றதென்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். முருகைக்கல் வேலிக்கு அப்பால் யார் இருமினாலும் கேட்கும். அத்தகைய ஊரிலே எம் தம்பியின் நோயை இரண்டு வருடம் மறைத்தோம். கேட்டவர்களுக்கெல்லாம், "அவனுக்குக் காய்ச்சல்" என்றோம்.

அவனைப் பற்றியிருந்தது ஹெரோயின். அபினியின் வழிவந்த நஞ்சு. முதலில் ஏசினோம், பின்பு அறையிலிட்டுப் பூட்டினோம். கொட்டாவியும், கண்ணீரும், உடல் உளைவும், உறக்கமின்மையுமாக ஒரு வாரம் துடித்துத் தெளிந்தான். நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்து அம்மா கோயிலிற் பொங்கலிட்டார். ஒரு மாதத்துள் மீண்டும் பழைய நிலை!

பின்னர் யாழ்ப்பாணத்து வைத்தியர் கூறியது எம்மை நடுங்கச் செய்தது. சிலநாள் போதையை விட்ட உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை மறுபடி எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். நாம் இட்ட பூட்டு அவனுக்கு எமனாகியிருக்கும் அன்றோ!

"இப்பழக்கத்துக்கு முன்பு இவர் ஒழுங்காக நித்திரை கொண்டவரா?" என்று வைத்தியர் வினவினார். கூட்டாளி கடலிலே மாண்ட நாள்முதல் தம்பி இரவிரவாக முற்றத்தில் விழித்திருந்தமை அப்போதுதான் எம் நினைவுக்கு வந்தது. "ஆம்பிளை அழக்கூடாது" என்று அவனை அடக்கியவர்களும் நாமே. மனத்துயரும் போதையும் ஒன்றாய்ப் பின்னிய இரு புரிகள். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும். மருந்தும் உண்டு. மெதடோன், புப்ரெனோர்பின் என்பவற்றை உலக சுகாதார தாபனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துள்ளது.

அதன்பின் அவனைத் தனியே அனுப்பவில்லை. குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து பஸ். ஒருநாள் இறங்குதுறையில் அயலவள் ஒருத்தி, "தம்பிக்குக் காய்ச்சல் இன்னும் மாறேல்லையோ, மாமி?" என்றாள்.

அம்மா தலைகுனியவில்லை. "காய்ச்சல் இல்லைப் பிள்ளை. போதையை விடவும் மனசுக்கும் மருந்தெடுக்கப் போறம்."

அவள் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு மெல்லக் கேட்டாள்: "எந்த நாள் கிளினிக், மாமி?"

அவள் வீட்டிலும் ஒரு 'காய்ச்சல்' இருந்தது!

தம்பி இன்று வலை பொத்துகின்றான். கிளினிக்குக்கும் தவறாது போகின்றான். இடையில் ஒருமுறை சறுக்கினான். அன்றும் படகில் அவனருகே நாம் இருந்தோம். உங்கள் வீட்டிலும் 'காய்ச்சல்' உண்டாயின் மறைக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். வெட்கம் ஒருநாளிற் கரையும். போன உயிர் மீளாது.