கதவோரப் பையும் கைக்குழந்தையும்

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த தங்கச்சி, ஒன்பது மாதப் பிள்ளையோடு அவனுடைய பேபி சீற்றையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாடகைக் காரின் பின்கதவைத் திறந்தவள், கண்ணாடி ஓரத் தூணில் பொறித்திருந்த 'எஸ்.ஆர்.எஸ். எயார்பேக்' என்ற சின்ன எழுத்தைக் கண்டு நின்றுவிட்டாள்.

"அண்ணா, இது பக்கத்தால வெடிக்கிற எயார்பேக் எல்லோ? கதவோரம் பிள்ளையை இருத்தலாமோ? கூடாதெண்டு அங்க சிலபேர் சொல்லுறவை."

சாரதித் தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அன்றைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு மன்னாருக்கு வந்து சேர்ந்தோம். ஆனால் அந்தக் 'கூடாது' எங்கே பிறந்தது என்று அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதல் தடயம் காரிலேயே இருந்தது. முன்பக்க வெயில்மறைப்பை மடக்கினால் அதில் ஓர் எச்சரிக்கை ஒட்டு. எழுத்தெல்லாம் ஜப்பானியம், படம் மட்டும் பொதுமொழி: முதுகைக் காட்டியபடி இருக்கும் குழந்தை ஆசனம், அதன்மேல் பாயும் பை, குறுக்கே தடைக்கோடு. ஜப்பானில் பாவித்தபின் இங்கே வந்து ஓடும் ரீகண்டிஷன் கார்களில் இப்படி ஓர் ஒட்டு பெரும்பாலும் இருக்கும். யாரும் வாசிப்பதில்லை. ஆனால் அந்தப் படம் பேசுவது முன் எயார்பேக்கைப் பற்றி. கதவோரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

படத்திலுள்ள ஆசனத்துக்கே தனிக் கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெமினி விண்வெளி வீரர்கள் மல்லாந்து சாய்ந்து இருப்பதைத் தொலைக்காட்சியில் கண்ட ஸ்வீடன் மருத்துவர் பேர்ட்டில் ஆல்ட்மன், அதே ஏற்பாடு குழந்தைக்கும் உதவும் என்று கண்டார். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பலமில்லை. முன்னே பார்த்திருக்கும் குழந்தையின் தலை, கார் மோதினால் கழுத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னே போகும். முதுகைக் காட்டி இருந்தால் அந்த விசையை முதுகு முழுவதும் பகிர்ந்து வாங்கும். 1964இல் ஒரு வொல்வோ காரில் அவர் தன் ஆசனத்தைச் சோதித்தார். ஸ்வீடனில் பெற்றோர் அதை முன் இருக்கையிலேயே வைத்தார்கள். கைக்கெட்டும் தூரம், பிள்ளையின் முகமும் தெரியும். அப்போது எயார்பேக் இல்லை.

எயார்பேக் பரவிய பிறகு இரண்டு நல்ல கண்டுபிடிப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. டாஷ்போர்டிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரியும் பை, சில அங்குலத்தில் இருக்கும் ஆசன முதுகில் அறைகிறது. அந்த முதுகுக்குப் பின்னால்தான் குழந்தையின் தலை. 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில் வேகம் குறைந்த விபத்துகளில் முன் எயார்பேக் விரிந்ததால் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன் பயணிகளாக இருந்து இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். இருக்கைப் பட்டி கட்டாதவர்களும் பிழையாகக் கட்டியவர்களும்தான் அதிகம், கார்களும் பெரும்பாலும் 1998க்கு முந்தியவை. வெயில்மறைப்பில் இருக்கும் ஒட்டு எச்சரிப்பது இந்த ஆபத்தைத்தான்.

பக்க எயார்பேக்கின் வரலாறு வேறு. 1994இல் வொல்வோ 850இல் முன் இருக்கையின் ஓரத்துக்குள் மடித்து வைத்த பை வந்தது. 1998இல் கூரை விளிம்பிலிருந்து கண்ணாடியை மறைத்து இறங்கும் திரைப் பை வந்தது. முன் பையால் சூடுபட்ட அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1999இல், பக்கப் பையருகே பிள்ளைகள் சாய்ந்திருப்பது ஆபத்தாகலாம் என்று பெற்றோரை எச்சரித்தது. தங்கச்சி கேள்விப்பட்ட 'கூடாது'வின் ஊற்று இங்கேதான் இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

2000ஆம் ஆண்டு ஏட்ரியன் லண்ட் என்ற ஆய்வாளரின் தலைமையில் பக்கப் பைக்காகக் கூடிய தொழில்நுட்பக் குழு, கார் நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட சோதனை விதிகளை வகுத்தது. அதை வாசிக்கும்போது சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. மூன்று வயது, ஆறு வயதுப் பிள்ளைகளின் அளவில் செய்த பொம்மைகளை இருக்கையில் முழங்காலிட்டுப் பின்னால் பார்க்க வைக்கிறார்கள். கதவின் கைப்பிடி மேடையில் தலைவைத்துப் படுக்க வைக்கிறார்கள். பிறகு பையை வெடிக்க விடுகிறார்கள். மதவாச்சியிலிருந்து மன்னார் வரைக்கும் எங்கள் பிள்ளைகள் இப்படித்தானே வருகிறார்கள்! கனடாவின் போக்குவரத்து அமைச்சும் அதே காலத்தில் குழந்தைப் பொம்மைகளை வைத்து இதைச் சோதித்தது. பைகளும் திருத்தப்பட்டன. முன் பைக்கு உருவானதைப் போன்ற மரணப் பட்டியல் பக்கப் பைக்கு உருவாகவில்லை.

ஆகவே தங்கச்சிக்கு நான் சொன்னது இது: ஒழுங்காகக் கட்டிய பேபி சீற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அருகே திரைப் பை இறங்கினால் பயமில்லை. அது கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே இறங்கும், மோதலில் தலையைக் காக்கவும் செய்யும். பயம், சீற் இல்லாமல் கதவில் சாய்ந்து தூங்கும் பிள்ளைக்குத்தான். சில கார்களில் பின் இருக்கையின் ஓரத்திலும் பை உண்டு. அப்படியானால் அந்தக் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

இதைத் தேடி முடித்தபோது என் கண் பின்கதவிலிருந்து முன் இருக்கைக்குத் தாவியது. இலங்கையில் முன் இருக்கைப் பட்டி கட்டாயமானது 2011 ஒக்டோபரில். மன்னாரில் அப்பா ஓட்டுவார், அம்மா பக்கத்தில், பிள்ளை மடியில். பொலிஸுக்காக அம்மா பட்டியை இழுத்து, பிள்ளையையும் சேர்த்தே போட்டுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை இருப்பது, வெயில்மறைப்பின் படம் அடித்துக்காட்டும் அதே இடத்தில். இரவில் வீதி நடுவில் நிற்கும் கழுதைக்காகப் பிரேக் அடிக்கிற ஊர் இது. அப்போது தூக்கி எறியப்படுவது முன்னோக்கித்தான். தாயின் உடல் பாரம் முழுவதும் பிள்ளைமேல் விழும், எதிரே பையும் விரியும்.

இன்னொன்றையும் கராஜில் கண்டேன். ஜப்பானிலிருந்து வந்த காருக்கு இங்கே முதல் அலங்காரம் றெக்சின் உறை. முன் இருக்கையின் வெளியோரத் தையலில் 'எயார்பேக்' என்ற சின்னத் துணிச்சீட்டு இருக்கும். பை பிய்த்துக்கொண்டு வெளிவர வேண்டிய தையல் அது. சாதாரண உறை அதை அப்படியே மூடிவிடுகிறது. பின் இருக்கையில் பேபி சீற்றைக் கொளுவும் ஐசோபிக்ஸ் கம்பிகளும் உறைக்குள் போய்விடுகின்றன. ஜப்பானில் 2012 ஜூலைக்குப் பிறகு புதிய கார்களுக்கு அந்தக் கம்பிகள் கட்டாயம். அங்கே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பேபி சீற் 2000 ஏப்ரலிலிருந்தே கட்டாயம். கராஜ்கார அண்ணையிடம் கம்பி எங்கே என்று கேட்டேன். உறையைக் கிளப்பி, விரலை மெத்தை இடுக்கில் விட்டுத் துழாவி, "இஞ்ச கிடக்கு, ஒருநாளும் பாவிக்கேல்ல" என்றார். விரல்நுனியில் மணல்.

வவுனியாவுக்கு ஆள்கணக்கில் ஏற்றிப்போகும் வான்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "விளங்குது அண்ணை. ஆனா மடியில வாற பிள்ளைக்குக் காசில்லை. சீற் வைச்சா ஒராளின்ர இடம் போகுது. அந்தக் காசை ஆர் தாறது?"