கூறையும் கூரையும்

எங்கள் அம்மாமார் சாறிக்கடைக்குப் போனால் ஒரு வேலை கட்டாயம் செய்வார்கள். பிடித்த சாறியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலடிக்குப் போய், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரரும் கோபிக்கமாட்டார். "கொண்டு போய் வடிவாப் பாருங்கோ அக்கா" என்பார். ஊரில் அது சரிவந்தது. மில்லிக்கனில் சரிவராது. இங்கே ஒன்றில் கடை மோலின் உட்பக்கத்தில் இருக்கும், அல்லது வேலை முடிந்து நாங்கள் போய்ச் சேர, டிசம்பர் மாதத்து ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வாசலுக்கு வெளியே பார்க்கிங் லொட் விளக்குகள் மட்டும்தான். ஆகவே வாசல் செய்த வேலையைக் கடையின் கூரைதான் செய்யவேண்டும்.

கடைகளுக்குக் கூரை விளக்கு வடிவமைப்பது என் தொழில். ஸ்டீல்ஸ் அவென்யூவுக்கு வடக்கே மார்க்கம், தெற்கே ஸ்காபரோ. இரண்டு பக்கமும் நான் ஏறிப் பார்த்த கடைகளில் பெரும்பாலும் ஒரே சீலிங்தான்: உலோகச் சட்டத்தில் வைத்த வெள்ளைப் பலகைகள், இடையிடையே இரண்டடிக்கு நாலடிப் பெட்டிகள், அவற்றுக்குள் நாலடி ரியூப் லைட்.

இந்த ரியூப் லைட்டுகளின் காலம் முடிகிறது. அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. கனடாவும் அதில் ஒரு நாடு. எனவே எங்கள் கடைக்காரர்கள் எல்லாரும் எல்இடிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் எந்த எல்இடி என்று கேட்பவர்கள் குறைவு. "வெளிச்சம் கூடினாச் சரிதானே பிள்ளை?" என்றுதான் கேட்கிறார்கள்.

சரியில்லை. ஏனென்றால் வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் ஒரு நீல விளக்கு. நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்துக்கு மேலே மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைப் பூசினால் இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். மலிவான விளக்குகளில் கடும் சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பைச் சாறி எப்படித் திருப்பிக் காட்டும்?

பெட்டியில் "சிஆர்ஐ 80" என்று போட்டிருக்கும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மார்க்ஸ் அது, நூற்றுக்கு. ஆனால் அது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. கடும் சிவப்பு ஒன்பதாவது நிறம். ஆர் 9 என்பார்கள். சராசரியில் அது சேராது. ஆர் 9இல் பூச்சியத்துக்குக் கிட்ட எடுத்த விளக்கும் 80 மார்க்ஸோடு பாஸாகிவிடும். எங்கள் கல்யாண வீடுகளில் முக்கியமான நிறம் எது? கூறையின் சிவப்பு. பரீட்சையில் அந்தக் கேள்வியே வருவதில்லை.

சாறிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரே கூறையை மேசையில் நீட்டி விரித்து, மேலே மூன்று விளக்குகளைத் தொங்கவிட்டேன். ஒன்றின் கீழே மண்நிறம் கலந்த சிவப்பு, அடுத்ததன் கீழே பரவாயில்லை, மூன்றாவதன் கீழே குங்குமம். கடைக்கு வந்திருந்த ஒரு அம்மா கிட்ட வந்து பார்த்துவிட்டு, "மூண்டிலயும் இதுதான் நல்லா இருக்கு, என்ன விலை?" என்று கேட்டா. அண்ணை சிரித்துவிட்டார்.

இது சாறியோடு நின்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

போன வருசம் தீபாவளிக்கு என் மகளுக்கு உடுப்பு எடுக்கப் போனோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கடும் பச்சைப் பாவாடை ஒன்றை ஆசையாக எடுத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குள் போனாள். வெளியே வரும்போது முகம் விழுந்திருந்தது. "அம்மா, இது வேண்டாம். நான் டல்லாத் தெரியிறன்." பக்கத்தில் நின்ற ஒரு அன்ரி, "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவுதானே, லைட் கலரா எடுங்கோ" என்றா, நல்ல மனதோடுதான். நான் அறைக்குள் தலையை விட்டு மேலே பார்த்தேன். நேர் உச்சந்தலைக்கு மேலே நீலம் கலந்த ஒற்றை விளக்கு. கண்ணுக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும் நிழல் விழும். மண்நிறத் தோல் சாம்பலாகும். அவளைக் கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கூட்டிவந்து, "இப்ப பார்" என்றேன். அங்கே விளக்கு வேறு. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப என்னில பிழை இல்லையா?"

அந்தக் கேள்விதான் எனக்கு நோவாக இருந்தது. நிறத்தைப் பிழை என்று நினைக்க அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

விளக்குப் பரீட்சையின் அந்த நிறப் பட்டியலில் மொத்தம் பதினாலு நிறங்கள். பதின்மூன்றாவது மனிதத் தோல்: வெளிறிய இளஞ்சிவப்பு, ஐரோப்பியத் தோல். பிறகு ஜப்பானியர் தங்கள் தோலின் நிறத்தைப் பதினைந்தாவதாகச் சேர்த்தார்கள். எங்கள் நிறம் அதில் இல்லை. கலர் பிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடாக் நிறுவனத்தின் "ஷர்லி" அட்டையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோலை வைத்தே படங்களின் நிறத்தைச் சரிபார்த்தார்கள். அதனால் கறுப்புத் தோல் படங்களில் சரியாக விழவில்லை. 2015இல் அமெரிக்காவில் வந்த டிஎம் 30 என்ற புது முறையில் 99 நிறங்கள் இருக்கின்றன. அது எவ்வளவோ மேல். ஆனால் கடைப்பெட்டியில் இன்னும் பழைய மார்க்ஸ்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ஆகவே கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிஆர்ஐ 90க்கு மேலே, ஆர் 9 ஐம்பதுக்கு மேலே கேளுங்கோ. கலிபோர்னியாவில் உயர்தர வீட்டு விளக்குகளுக்கு இந்த இரண்டும் விதியாகவே இருக்கின்றன. கரண்ட் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். சாறிக்கும் 22 கரட் நகைக்கும் 3000 கெல்வின் அளவான இளஞ்சூட்டு வெளிச்சம் நல்லது. நகைக்குச் சிறிய ஸ்பொட் லைட்டும் வேண்டும். பரந்த பனலின் கீழே தங்கம் மின்னாது. அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். அம்மம்மாமார் விலை பார்க்கும் இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டுங்கோ. உடுப்பு மாற்றும் அறையில் விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் கண்ணாடியின் இரண்டு பக்கமும், முக உயரத்தில் வையுங்கோ.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பிள்ளை அந்த அறைக்குள்ளிருந்து முகம் வாடி வந்தால், உடுப்பை மாற்றச் சொல்ல முதல் வேறு வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிறகும் பிடிக்கவில்லையென்றால் அது உடுப்பின் விசயம்.

கூறையை விரித்துப் பார்த்த அண்ணை முழுக் கடையையும் மாற்றவில்லை. அவ்வளவு காசு இப்போது இல்லை என்றார். உடுப்பு மாற்றும் அறையில் மட்டும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் விளக்குப் போட்டார். மற்றது அடுத்த வருசம். நானும் சரி என்றேன். எதில் தொடங்குவதென்று என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.