எந்த டிஸ்க்?

யந்திரங்களுக்கும் எனக்கும் என்றுமே சுமுகமான உறவு இருந்ததில்லை. தையல் மிஷினைத் தொட்டால் ஊசி ஒடியும். மிக்ஸியைத் தொட்டால் பியூஸ் போகும். அப்படிப்பட்ட நான் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்புளியும் கையுமாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன் என்றால், அதற்குத் தகுந்த காரணம் இருக்கத்தானே வேண்டும்?

காரணம் ஒரு சப்தம். பத்து வருஷமாக என் எழுத்தையெல்லாம் சுமந்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க், ஒரு வாரமாகப் பல்லி மாதிரி 'டிக் டிக்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. பல்லி சொல்லுக்காவது பஞ்சாங்கத்தில் விதவிதமான பலன் போட்டிருக்கிறது. டிஸ்க் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பலன்தான்: போகப் போகிறேன் என்று அர்த்தம்.

நாவல்கள் போனால் போகட்டும்; அவை அச்சில் இருக்கின்றன. என் கவலை வேறு. 2016-ல் என் தாயார் வற்றல் குழம்பு வைக்கும் முறையைச் சொல்லச் சொல்ல, டெலிபோனில் பதிவு செய்திருந்தேன். 47 நிமிஷம். அதில் குழம்புக்குச் செலவான நேரம் ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம். பாக்கியெல்லாம் அவள் பிறந்த ஊர்க் கிணறு, அண்டை வீட்டுச் சண்டை, நடுவில் பால்காரனுக்கு விழுந்த திட்டு. 2019-ல் அவள் போய்விட்டாள். அந்தப் பதிவுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வதோடு சரி.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் வந்தது. 24 அங்குல அகலமுள்ள தட்டுகள் ஐம்பதை அடுக்கிய அந்தப் பெட்டி ஒரு டன்னுக்கு மேல் கனம். கொள்ளளவு ஏறக்குறைய ஐம்பது லட்சம் எழுத்துக்கள். என் தாயாரின் பேச்சை அதில் அடைக்க வேண்டுமானால் அப்படிப் பன்னிரண்டு பெட்டிகளாவது வேண்டியிருக்கும். நான் வாங்கி வந்த 4 டெராபைட் டிஸ்க்கோ உள்ளங்கையில் அடங்கியது. அந்தச் சிறுமையைக் கண்டு, வேலையும் சிறிதுதான் என்று எண்ணிவிட்டேன்.

திருகாணிகளைக் கழற்றிப் பக்கப் பலகையை எடுத்து, டிஸ்க்கைக் கூட்டில் பொருத்தி, சிறிய கேபிளை மதர்போர்டில் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன். புது டிஸ்க்கின் சுவடே இல்லை. உதவிக்கு என் தமக்கை மகனை டெலிபோனில் கூப்பிட்டேன்.

"மாமா, ரெண்டு ஒயர் இருக்கணுமே. ஒண்ணு பேசறதுக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு. சாப்பாடு கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. மின்சாரம் வரும் அகலமான கேபிளை மறந்தே போயிருந்தேன். அதையும் சொருகியபின் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. ஆனால் விண்டோஸில் வரவில்லை. புது டிஸ்க் என்பது கோடு கிழிக்காத வெறும் நிலம். பத்திரம் எழுதி, மனை பிரித்து, பெயர் வைத்த பிறகுதான் விண்டோஸ் அதை நம் கண்ணில் காட்டும் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பத்திரத்தை எழுதும் இடத்துக்கு டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று பெயர். 'எம்.பி.ஆரா, ஜி.பி.டியா?' என்று அது கேட்டது. மேலே இருப்பது மூத்தது, மூத்ததே நல்லது என்று எம்.பி.ஆரைத் தொட்டேன்.

வினை அங்கேதான். எம்.பி.ஆர். 1983-ல் ஏற்பட்ட கணக்கு முறை. அந்தக் கணக்குப்பிள்ளைக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. 3726 ஜிகாபைட் என்று காட்ட வேண்டிய இடத்தில் 2048-ஐ மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தரிசாகப் போட்டுவிட்டது. இது தெரியாமல் நான் கேபிளைச் சந்தேகித்தேன். கம்ப்யூட்டரை நிறுத்தி, பழைய டிஸ்க்கின் கேபிளைப் புதிதுக்கும், புதிதின் கேபிளைப் பழையதற்கும் மாற்றிச் சொருகிப் பார்த்தேன். குறை அப்படியே இருந்தது. மறுபடி டெலிபோன்.

"கேபிள்ல ஒண்ணுமில்லை, மாமா. புது டிஸ்க்ல போட்டதை அழிச்சுட்டு ஜி.பி.டி.க்கு மாத்துங்க. அது எத்தனாவது டிஸ்க்?"

"டிஸ்க் 1" என்றேன். காலையில் அதுதான் டிஸ்க் 1.

அழிக்கச் சொன்னேன். 'இதிலுள்ளவை எல்லாம் போய்விடும், சம்மதமா?' என்று யந்திரம் கேட்டது. மவுஸ் 'ஆம்' என்பதன்மேல் நின்றது.

"சைஸ் 2048 காட்டுதா?" என்றான் அவன், பேச்சுவாக்கில்.

"931."

அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற குரலில், "மாமா, மவுஸ்லேருந்து கையை எடுத்துடுங்க" என்றான்.

931 என்பது என் பழைய 1 டெராபைட் டிஸ்க். கேபிளை மாற்றியதும் எண்களும் இடம் மாறியிருந்தன. அந்த எண் வீட்டுக்காரனின் பெயரல்ல, வாசற்கதவின் இலக்கம். யார் குடிபோனாலும் அது அங்கேயே இருக்கும். அப்படி அழிப்பது உண்மையில் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத்தான், மேலே வேறொன்றை எழுதாதவரை தேர்ந்தவர்கள் மீட்டுக் கொடுக்கக்கூடும் என்று இன்று அறிவேன். அன்று அறியேன். முதுகில் வேர்த்து வழிந்தது.

அதற்குப் பிறகு அவன் சொன்ன யோசனை அற்புதமானது, ஆனால் வெகு சாதாரணமானது: "கம்ப்யூட்டரை நிறுத்துங்க. பழைய டிஸ்க்கோட ரெண்டு ஒயரையும் பிடுங்கி வையுங்க. அப்புறம் எதை வேணும்னாலும் அழியுங்க." யந்திரத்துக்கு எது அருமை, எது குப்பை என்று தெரியாது. நாம் சம்மதம் என்றால் அதற்கும் சம்மதம். ஆகவே அருமையானதை அதன் கைக்கெட்டாமல் வைத்துவிட்டுத்தான் அழிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

அப்படியே செய்தேன். ஜி.பி.டி.க்கு மாற்றியதும் 3726 முழுசாக வந்தது. மறுபடி பழையதை இணைத்து, முதல் காரியமாக அந்த 47 நிமிஷத்தைப் புது டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்தேன். இதைத் திருப்புளியை எடுப்பதற்கு முன்பே செய்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. மற்றவற்றைக் கொடுத்து முடிக்கப் பழைய டிஸ்க்குக்கு விடிய விடிய ஆயிற்று. மூன்றாவது பிரதி தமக்கை வீட்டில் இருக்கிறது.

விடியற்காலையில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். கிணறு இருந்தது, சண்டை இருந்தது, பால்காரன் திட்டு வாங்கினான். உப்பு எவ்வளவு என்று நான் கேட்கிறேன். "திட்டமாப் போடேன்" என்கிறாள்.

அந்தத் திட்டம் மட்டும் எந்த டிஸ்க்கிலும் இல்லை.