படிக்காத புத்தகத்தைப் பாராட்டியவன்

மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' நாவலைப் படிக்காமலேயே அதைப் பற்றி மேடையேறிப் பேசியவன் நான். வாய் தவறி ஒரு தடவை பேசியிருந்தால் மன்னிக்கலாம். வருடா வருடம் பேசினேன். நூலக இயக்கத்தைக் கேரளமெங்கும் கொண்டுபோன பி.என். பணிக்கர் 1995 ஜூன் 19-இல் காலமானார். அந்த நாளை இங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். பாலக்காட்டின் கிழக்கோரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று தமிழ் பேசுகிற பஞ்சாயத்துகள் வரிசையாக இருக்கின்றன. அங்குள்ள பள்ளிக்கூடங்களுக்கும் வாசகசாலைகளுக்கும் அன்றைக்குத் தமிழில் பேச ஓர் ஆள் தேவைப்படும். நான் தமிழ் எம்.ஏ., தமிழ் வாத்தியார், போதாக்குறைக்கு ஊர் வாசகசாலையின் கமிட்டி உறுப்பினர். இப்படிப்பட்டவன் படிக்காமல் பேசுவான் என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

கசாக் என்ற கற்பனைக் கிராமத்துக்கு மூலம் தஸ்ராக். பாலக்காடு டவுனுக்குப் பக்கம். எங்கள் ஊரில் காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தார், அவரைப் பார்க்கப் போய்த் தங்கியதில்தான் நாவல் பிறந்தது, 1968-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்தது, 1969-இல் புத்தகமானது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குத் தயாரானவனுக்கு ஆசிரியர் பெயரும் வருடமும் போதும், கதையை யாரும் கேட்கப்போவதில்லை. மிச்சத்தை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். ரவி என்ற இளைஞன் பின்தங்கிய கிராமத்துக்கு வாத்தியாராக வருகிறான், அறியாமை இருளை அகற்றுகிறான், ஆகவே மாணவச் செல்வங்களே, ரவியைப் போன்ற லட்சிய ஆசிரியர்கள் உங்களிலிருந்து வரவேண்டும். கைதட்டல் கிடைக்கும்.

ஒரு வருடம் கூட்டம் முடிந்து பருப்புவடையும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசகசாலையில் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற அக்கா ஒருவர் உண்டு. தோளில் துணிப்பை, கையில் ரிஜிஸ்டர். வீட்டில் தமிழ் பேசினாலும் படித்தது மலையாள மீடியம். அவர் டீ டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே குரலைத் தணித்துச் சொன்னார்:

“சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன ரவி வேற யாரோங்க. விஜயனோட ரவி சித்திகூடத் தப்புப் பண்ணிப்போட்டு, அந்தப் பாவம் தாங்காம ஓடி வந்தவனில்லீங்களா? கடேசில பாம்பு கடிச்சு, பஸ்ஸுக்குக் காத்துப் படுத்துக் கெடக்கறான். பசங்ககிட்ட அவனாட்ட ஆகோணும்னு சொல்லிப்போட்டீங்களே!”

அப்போதாவது 'படிக்கலைங்க அக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “ஒரு குறியீடாத்தான் சொன்னேன்.” அவர் “அப்படீங்களா” என்று தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு டீ கொடுக்கப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கதையே படிக்காமல் வளர்ந்தவனில்லை நான். பொள்ளாச்சியிலிருந்து வாடகைக்கு வரும் சாண்டில்யனையும் சுஜாதாவையும் திண்ணையில் குப்புறப் படுத்துத் தின்று தீர்த்தவன். கல்லூரியில் கி. ராஜநாராயணன், ஜானகிராமன், அசோகமித்திரன். நிறுத்தியது எப்போது என்று யோசித்தால் ஒரு தேதி அகப்படவில்லை. பி.எட்., பி.எஸ்.சி. கோச்சிங், வேலை, வீட்டுக்கடன், பிறகு செல்போன். இவற்றில் எதையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதெல்லாம் இருந்தது, அவர்களில் சிலர் படித்துக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்குள் நடந்தது வேறு. 'கதையா, அது வேலையத்தவன் சமாசாரம்' என்ற எண்ணம் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எதைக் கையில் எடுத்தாலும் இதனால் எனக்கு என்ன தெரியவரும் என்று கேட்கப் பழகிவிட்டேன்.

இந்த எண்ணம் என்னோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. வாசகசாலைக்கு மானியம் வரும்போது மாவட்டப் புத்தகத் திருவிழாவில் போய்ப் புத்தகம் வாங்குவது வழக்கம். தமிழ்ப் பங்குக்குப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. பி.எஸ்.சி. கைடு, பொது அறிவுக் களஞ்சியம், 'வெற்றிக்கு வழி' வகையறா, ஜோதிடம், சமையல் என்று வாங்கித் தள்ளினேன். “இரண்டு நாவல் சேத்துக்கலாமா சார்” என்று கேட்டவர்களிடம் பையன்களுக்கு எது உபயோகமோ அதைத்தான் வாங்க வேண்டும் என்றேன். கைடுகளின் ஆயுள் இரண்டு வருடம். இப்போது எங்கள் தமிழ் அலமாரியைத் திறந்தால் யார் யாரோ மந்திரியாக இருந்த காலத்து நடப்பு நிகழ்வுகள் தூசியோடு நிற்கின்றன. ஒரு நாவலுக்கு அந்தக் கதி வராது. ஐம்பது வருடம் கழித்தும் யாராவது எடுத்துப் போவார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் பிளஸ் டூ படிக்கும்போது பாடப் புத்தகத்துக்குள் 'கோபல்ல கிராமம்' வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் பழைய பிரதி. பிடுங்கிப் பரணில் போட்டேன். பிறகு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது பரணில் கிடந்ததெல்லாம் எடைக்குப் போனது. அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது, “புள்ள, எதாச்சும் படிக்கிறியா?” என்று கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், “நீங்கதானேப்பா விடவெச்சீங்க” என்றாள். கோபமெல்லாம் இல்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

இதற்கிடையே மேடையில் எனக்கு இன்னொரு கதையும் கைவசம் இருந்தது. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி, முதுவர்கள் வாழ்கிற காட்டுப் பகுதி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்தானது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி ஒரு மண்சுவர் டீக்கடையில் நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுக்குள் நடந்துபோய் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 160 புத்தகங்கள். அவற்றில் பஷீர் இருந்தார், எம்.டி. வாசுதேவன் நாயர் இருந்தார், சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. புத்தகங்களைச் சேர்க்க உதவியவர் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த முரளி மாஷ் என்கிற பி.கே. முரளீதரன். 'காட்டுக்குள்ளேயே இப்படி என்றால் நாட்டில் இருக்கும் நாம் எப்படி இருக்க வேண்டும்' என்று குரலை உயர்த்தி முடிப்பேன்.

வெட்கம் கெட்ட பேச்சு. 160 என்ற எண்ணைச் சொல்லத் தெரிந்த எனக்கு, மழைக்காலத்தில் அந்தக் கடையின் ரிஜிஸ்டரில் பெயரெழுதிப் பஷீரை எடுத்துப் போனவர் யார், எந்த இடத்தில் சிரித்திருப்பார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதில் பாதிப் புத்தகங்களைக்கூட நான் படித்திருக்கவில்லை. சின்னத்தம்பியின் ரிஜிஸ்டரில் ஒரு வரியில் பெயரெழுதக்கூடத் தகுதியில்லாதவன், அவரை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

டீ டம்ளர் சம்பவத்துக்குப் பிறகு வீராப்பாகக் 'கசாக்'கை வாங்கினேன். யூமா வாசுகி தமிழாக்கியது, சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றது. உள்ளே போக முடியவில்லை. பென்சிலை எடுத்துக் கோடு போடத் தொடங்கிவிட்டேன். நோட்டில் 'பாத்திரங்கள்: 1. ரவி, 2. அல்லாப்பிச்சா மொல்லாக்கா' என்று எழுதுகிறது கை. இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்க்கிறேன், யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. மூடி வைத்தேன்.

என்னைத் திரும்ப உள்ளே இழுத்தது வேறொரு நாவல். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியது. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை. விசித்திரம், மூலம் வெளிவந்ததும் 'கசாக்' புத்தகமான அதே 1969. அந்த அக்காதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “இது உங்களுக்குப் புடிக்குமுங்க சார், நீங்க மூணாறுல இருந்தவரு” என்றார். அவருடைய பைக்கு அந்தத் தமிழ்ப் புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டேன். சொந்தக் காசில் வாங்கியது. கமிட்டியில் கேட்டுப் பார்த்தாராம்.

மூணாறு எஸ்டேட் ஒன்றில் தமிழ் மீடியம் பள்ளியில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். பனியில் நனைந்த ஸ்வெட்டரோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள். எந்த ஊர்டா என்று கேட்டால் முதலில் டிவிஷன் பெயரைச் சொல்வார்கள். பிறகு கொஞ்சம் யோசித்து, “சொந்த ஊரு சங்கரன்கோயில் பக்கம் சார், நான் பாத்ததில்ல” என்பார்கள். நான் அடுத்த பையனிடம் போய்விடுவேன். நாவலில் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். அந்த முன்பணமே கடனாகிக் காலைக் கட்டிக்கொள்கிறது. அட்டை, குளிர், மலேரியா. அவர்கள் மலையேறும் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குப் பென்சில் ஞாபகமே வரவில்லை. 'நான் பாத்ததில்ல சார்' என்ற குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பையனின் பாட்டனுக்குப் பாட்டன் ஏன் ஊரைவிட்டு வந்தான் என்று அவனிடம் கேட்காமலேயே அவனுக்குச் சமூக அறிவியலும் சேர்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்து 70 பேர் போனபோதும் டிவியில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றியவன்தான்.

சோகக் கதையைப் படித்துவிட்டு ஆனந்தம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அதுதான் உண்மை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் வரும்போது மீதியைப் படித்துக்கொண்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறையில் இறங்க வேண்டியவன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டி, “எங்கோட்டா சாரே?” என்று கேட்டபோது பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்றது. மேல் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தேன். இறங்கி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது, திண்ணையில் குப்புறக் கிடந்து படித்தபோது அம்மா கூப்பிட்டதே காதில் விழாத அந்த மப்பு, அப்படியே தலையில் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் அது மறுபடி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எதிர்பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று எரிச்சல்கூட வந்தது.

பிறகு 'கசாக்' தானாகத் திறந்தது. ஞாற்றுப்புரையில் ரவி பள்ளிக்கூடம் தொடங்குகிறான். ஓராசிரியர் பள்ளிக்கு எதிராக மொல்லாக்கா முறுக்கிக்கொண்டு நிற்கிறார். தும்பி பிடித்துத் திரியும் அப்புக்கிளியையும் ரவி வகுப்பில் சேர்த்துக்கொள்கிறான். அப்புக்கிளி எதையும் படித்து முன்னேறுவதில்லை, ரவியும் யாரையும் கரையேற்றுவதில்லை. அம்மை வந்து பிள்ளைகளைக் கொண்டுபோகிறது. பனைகளில் மோதி வருகிற காற்று புத்தகம் முழுக்க வீசுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அது, ஆடி மாதம் எங்கள் வீட்டு ஓட்டைத் தூக்குகிற அதே காற்று. மேடையில் நான் சொன்ன லட்சிய ஆசிரியனை ஒரு பக்கத்திலும் காணோம். இத்தனை வருடம் எவ்வளவு மட்டமான ஒரு நாவலை நானே எழுதி விஜயன் தலையில் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது தனியாகச் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அக்காவிடம் போய், “அன்னிக்கி நான் படிக்கலைங்க, பொய் சொன்னேன்” என்றேன். “தெரியுமுங்க சார்” என்றார். குறியீட்டையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இந்த வருடத் தமிழ்ப் பட்டியலை அவரே போடட்டும் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். முதல் பெயர் 'கோபல்ல கிராமம்', நான் சொல்லாமலேயே. இரண்டு பிரதி வாங்கச் சொன்னேன். ஒன்றுக்கு என் கைக்காசு, அது கோயம்புத்தூருக்குப் போகும். அவள் படிப்பாளா என்று தெரியாது.

கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர்கள் புழங்குகிற வாசகசாலைகள் பலவற்றில் தமிழுக்கு ஓர் அலமாரிதான். அதை நிரப்பும் கமிட்டிகளில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். நீங்கள் படித்து முடித்த நாவல்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாமல் இந்தப் பக்கம் வரும்போது ஒரு வாசகசாலையில் கொடுத்துவிட்டுப் போங்கள். கைடு மட்டும் வேண்டாம், அது எங்களிடம் நிறைய இருக்கிறது.