இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

ஊத்துக்கோட்டை வழியாக வந்து, நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேஸ்வரரைச் சேவித்துவிட்டுத் திருமலை ஏறும் சென்னைக்காரர்கள் நிறையப் பேர். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் அவர்களில் இன்னும் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால், என்ஜின் கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்களைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எந்தக் கியரும் வெளித்தண்டோடு பூட்டியிருக்காது; சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பே இல்லை. கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்கினாலும் இதே நிலைதான். வண்டியை இழுத்துப் பிடிக்க என்ஜின் வராது, முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். 1944-இல் திறந்த பழைய மலைப்பாதையில்தான் இன்றும் கீழே இறங்குகிறோம். அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். சூடேறிய பிரேக் எத்தனை வளைவு தாங்கும்?

மிச்சம் என்பதும் தப்புக்கணக்கு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்க எரியும்.

நியூட்ரலுக்கு உரிய இடம் சிக்னல். அங்கே கிளட்சை மிதித்தபடியே நின்றால் ரிலீஸ் பேரிங் தேயும்.

மலை ஏறிய கியரிலேயே இறங்குங்கள். உங்கள் வண்டி ஓட்டுநரிடமும் தயவுசெய்து சொல்லுங்கள்.